அம்மா மாத்திரை போடாத நாட்கள்

அம்மாவுக்கு என்ன நோய் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். என்ன நோய் இல்லை என்று கேட்டால் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். சர்க்கரை இருக்கிறது. பிரஷர் இருக்கிறது. இதயம் கொஞ்சம் வீக் என்று ஒரு ஸ்கேன் சொன்னது. சிறுநீரகம் சோர்ந்துகொண்டு வருகிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொன்னது. முட்டி வலிக்குப் பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை. அவள் மாடிப்படி ஏறினால் முனகல் எங்கள் குடியிருப்பு முழுக்கக் கேட்கும்.

இத்தனைக்கும் தனித்தனி டாக்டர். சர்க்கரைக்கு மயிலாப்பூர், இதயத்துக்கு தி.நகர், சிறுநீரகத்துக்கு அடையாறு. யாரையும் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் நல்லவர்கள், படித்தவர்கள். அவரவர் பங்குக்கு வந்த உறுப்பைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்த உறுப்புகளையெல்லாம் ஒரே உடம்பில் வைத்திருந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றி இறக்கி ஊர் சுற்றிக்கொண்டிருந்தது நான். தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை. லீவு கேட்கும்போதெல்லாம் என் மேனேஜர், "இந்த வாரம் எந்த டாக்டர்?" என்று கேட்பார். கேலிதான், ஆனால் ஒருமுறைகூட மறுத்ததில்லை. அவருக்கும் இங்கே ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன்.

அம்மா மீன் விற்கிறவள். லூப் ரோட்டு மார்க்கெட்டில் ஒரு மேடை அவளுடையது. அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்கவைத்தது, சாந்தோமில் இந்த வாடகை வீட்டைத் தாங்கிப் பிடித்தது, எல்லாம் அந்த மேடைதான். முன்பு ரோட்டோரத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தவளுக்கு இப்போது தலைக்கு மேல் கூரை, குழாயில் தண்ணீர். "ராணியாட்டம் கீறேன்" என்பாள். விடியற்காலையில் ஏலத்துக்குப் போய் வஞ்சிரமும் சங்கராவும் எடுத்து வந்து பரப்பி வைத்துவிட்டு, வாடிக்கைக்காரர்களை அதட்டிக்கொண்டே வியாபாரம் செய்வாள். அவள் அதட்டுவதைக் கேட்கவே ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

டாக்டரைப் பார்க்கப் போகும் நாள் எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு திருநாள். அன்றைக்குக் கடை கிடையாது. அம்மா தலைக்குக் குளிப்பாள். மீன் வாடை போவதற்காகக் கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். கோயிலுக்கு, அதாவது மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொள்வாள். ரத்தம் எடுப்பார்கள் என்று பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் படாது. அங்கே போய் மணிக்கணக்கில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போவோம். பிரஷர் பார்ப்பார்கள். எக்கச்சக்கமாக இருக்கும். டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். "தலை சுத்துதாம்மா?" என்று கேட்பார். "இல்லீங்க" என்பாள் அம்மா. மாத்திரையின் அளவு கூடும், அல்லது புதிதாக ஒன்று சேரும். அடுத்த மாதம் இன்னொரு டாக்டர், அதே பிரஷர், அதே உதடு, இன்னொரு மாத்திரை.

மற்ற நாட்களில் அம்மா அத்தனை மாத்திரையையும் தவறாமல் போட்டுக்கொண்டாள். இதில் அவளைப்போல ஒழுங்கான ஆளை நான் பார்த்ததில்லை. நான் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். அப்படியும் சில மாதங்களாக, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண்ணைக் கட்டுகிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். வெயில் என்றோம். தூக்கம் போதவில்லை என்றோம். வயசாகிறது என்றும் சொன்னோம், அதற்கு மட்டும் அவள் கோபித்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். கடையில் ஒருவர் பெரிய வஞ்சிரமாகக் கேட்டிருக்கிறார். ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்க அம்மா எழுந்தாள். அவ்வளவுதான், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். பக்கத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் சித்தி இருக்கிறார். சொந்தச் சித்தி இல்லை, ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவருடைய அருவாமனை நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அம்மாவின் உள்ளங்கை அதன்மேல் போய் விழுந்தது. சித்தி அவளுடைய தோளைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கழுத்து விழுந்திருக்கும்.  சித்தியின் அந்த ஒரு இழுப்புக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள்.

நான் தரமணியிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அம்மா வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒரு கையால் மீனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"போதும்மா! நாளையிலேர்ந்து கடையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. வீட்டுல இரு!"

"வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது? செவுத்த பாக்கறதா?"

"விழுந்து சாகறதுக்குப் பதிலா செவுத்தைப் பாக்கலாம்!"

  வாய்க்கு வாய் பேசுகிற அம்மா தலையைக் குனிந்துகொண்டு மீனின்மேல் தண்ணீர் தெளித்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த மேடை போனால் அவள் ஒரே மாதத்தில் ஒடுங்கிப்போவாள் என்று எனக்குத் தெரியும். அந்த மேடையில் இருந்தால் இன்னொரு தடவை விழுவாள் என்பதும் தெரியும்.

கைக்குத் தையல் போட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நிதானம் இல்லை. பக்கத்தில் மந்தைவெளியில் இருந்த ஒரு சின்ன கிளினிக்கில் நுழைந்தோம். அங்கே ஒரு பெண் டாக்டர், குடும்ப மருத்துவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அம்மா கடையிலிருந்த கோலத்திலேயே வந்திருந்தாள். புடவை முந்தானையில் ரத்தம், முழங்கையில் மீன் செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. நாற்காலியில் உட்காரவே கூச்சப்பட்டாள். "வாட அடிக்குது டாக்டரம்மா, நான் ஓரமா நிக்கறேன்" என்றாள்.

"நான் மீன் சாப்பிடறவதான், உக்காருங்க" என்றார் டாக்டர்.

தையல் போட்டு முடித்ததும் எங்களை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. ஏன் விழுந்தீர்கள் என்று கேட்டார். பிரஷர் பார்த்தார். முகம் மாறியது. அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, மேசையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மறுபடியும் பார்த்தார். உட்காரச் சொல்லிவிட்டு, என் பையில் எப்போதும் இருக்கும் பழைய சீட்டுகளை வாங்கிப் புரட்டினார்.

"எல்லா இடத்துலயும் ரொம்ப அதிகம்னு எழுதியிருக்காங்க. இப்ப ரொம்பக் குறைவா இருக்கு. எழுந்து நின்னா இன்னும் இறங்குது. இது எப்படி?" அவர் எங்களைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். ஏதோ திருட்டு மாட்டிக்கொண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காத டாக்டரம்மா. இன்னிக்கி மாத்திர போட்டுக்கினு வந்துட்டேன். இப்டி ஆவும்னு தெரியாதே. தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "டாக்டரைப் பாக்கப் போற அன்னிக்கு மாத்திரை போட மாட்டீங்களா?"

"எப்டி போடறது? டாக்டராண்ட நோவ உள்ளது உள்ளபடி காட்டணும் இல்ல? ஐஸ்ல வெச்சா அல்லா மீனும் வெறப்பாத்தான் இருக்கும். நேத்து மீனா இன்னிக்கி மீனான்னு தெரியாது. ஒருத்தங்க மீன் பாக்க வந்தா, நான் ஐஸ கழுவி உட்டுட்டு, செவுள தூக்கித்தான் காட்டுவேன். மாத்திர போட்டுக்கினு வந்து குந்திக்கினா நோவு அமுங்கிக்கும். நல்லா கீதுன்னு நெனச்சுக்குவீங்க. அது ஏமாத்து இல்லியா?"

எனக்குத் தலை சுற்றியது. அம்மாவோடு எத்தனை ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உட்கார்ந்திருக்கிறேன். வெறும் வயிறு என்றால் மாத்திரையும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் இப்படி ஒரு தொழில் தர்மம் இருந்தது எனக்குத் தெரியாது. டாக்டர்கள் இதுவரை பார்த்ததெல்லாம் மாத்திரை போடாத அம்மாவை. அவர்கள் எழுதிக்கொடுத்த மாத்திரையையெல்லாம் விழுங்கியது, வாரம் முழுக்க ஏற்கெனவே மாத்திரையில் இருந்த அம்மா. தலை சுற்றுகிறதா என்ற கேள்விக்கு அவள் இல்லை என்று சொன்னதும் பொய்யில்லை. அந்த நாட்களில் சுற்றவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. "நீங்க நேர்மையாத்தான் இருந்திருக்கீங்க. மாத்திரை போட்டீங்களான்னு நாங்கதான் கேக்கல" என்றார். அந்த மூன்று டாக்டர்களையும் ஒருமுறைகூடப் பார்த்திராதவர், ‘நாங்கதான்’ என்று சொன்னார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இத்தனை வைத்தியம் பாக்கறீங்களே, உங்களுக்கு என்ன நடக்கணும்னு ஆசை?"

அம்மாவிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. சர்க்கரை இவ்வளவு இருக்க வேண்டும், பிரஷர் இவ்வளவு இருக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவள் கட்டுப்போட்ட கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நான் கடைல குந்தணும். எய்ந்தா வுயக்கூடாது. அவ்ளோதான் டாக்டரம்மா. எம்மா நாள் இருப்பேன்னுலாம் நான் கேக்கல."

 "கடைக்குப் போகக்கூடாதுன்னு சொல்லுங்க டாக்டர்" என்று சொல்வதற்காக உள்ளே வந்தவள் நான். அந்த வார்த்தையை முழுங்கிவிட்டேன்.

"அதுக்குத் தக்கமாதிரி பாக்கலாம்" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு. நான் சொல்ற வரைக்கும் கடைக்குப் போகக் கூடாது. நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தவும் கூடாது."

வெளியே நோயாளிகள் இருமிக்கொண்டும் எட்டிப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். டாக்டர் எங்கள் எதிரிலேயே போனை எடுத்தார். முதலில் இதய டாக்டர் கிடைத்தார். நடந்ததைச் சொன்னார். எனக்குள் ஒரு சண்டைக் கோழி தயாராக நின்றது. ‘நீ யார் என் மருந்தைக் குறைக்க’ என்று அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது வரும், நானும் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "அடடா. நல்லவேளை சொன்னீங்க. அந்த ரெண்டு பிரஷர் மாத்திரையையும் சேத்துக் குடுக்க வேணாம். நீர் பிரியற மாத்திரையையும் பாதியாக்கிடலாம். ஒரு வாரம் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க." சண்டைக் கோழி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. சிறுநீரக டாக்டர் சாயங்காலம் திருப்பி அழைத்தார். முட்டி வலிக்காக அம்மா மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரைதான் சிறுநீரகத்துக்கு முதல் எதிரி, அதை இன்றே நிறுத்துங்கள் என்றார். சர்க்கரை டாக்டர், அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று கேட்டு, கடைக்காரிக்கு ஏற்றபடி மாத்திரை நேரத்தை மாற்றிக்கொடுத்தார். அதுவரை ஒருவர் எழுதியதை இன்னொருவர் சீட்டில்தான் பார்த்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை.

அடுத்து வந்த வாரங்கள் எனக்குச் சோதனைக் காலம். கடைக்குப் போகாத அம்மா வீட்டிலிருந்த என் பொருள்களையெல்லாம் இடம் மாற்றி வைத்தாள். ஜன்னலில் நின்றுகொண்டு, கீழே போகிற மீன்கூடைக்காரர்களின் மீன் பழசு என்று எனக்குக் கேட்கும்படி தீர்ப்பு சொன்னாள். காலையும் மாலையும் உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை பிரஷர் பார்த்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பெரும்பாலும் ‘சரி’ என்று பதில் வரும். ஒருநாள் ‘இன்னும் ஒண்ணு குறைக்கலாம்’ என்று வந்தது. சித்தி தினமும் கடையை மூடிவிட்டு மீனோடு வந்து பார்த்துவிட்டுப் போவார். அம்மாவின் மேடையை அவர்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார். யாரோ அந்த இடத்தைக் கேட்டு வந்தபோது, "எங்க யக்கா வரும், போ" என்று விரட்டிவிட்டாராம்.

சித்தியும் பிரஷர்காரர்தான். ஒருநாள் விளையாட்டாக அவருக்கும் பார்த்துவிட்டு, "டாக்டர்ட்ட போறப்ப மாத்திரை போட்டுக்கினு போவியா சித்தி?" என்று கேட்டேன்.

"யார்னா போடுவாங்களா பாப்பா?" என்றார், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி.

மறுநாள் மார்க்கெட்டில் விசாரித்தேன். அந்த வரிசையில் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். இதை மந்தைவெளி டாக்டரிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் தொங்கவிட்டார்: ‘பிரஷர் மாத்திரையை எப்போதும்போல் போட்டுக்கொண்டு வாருங்கள். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையை வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம்.’ அட்டையைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே வாயால் சொன்னார். இதய டாக்டரும் இப்போது அம்மா உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்பது அந்தக் கேள்விதான். ஒரு மீன்காரியால் இரண்டு கிளினிக்குகளின் வழக்கம் மாறியது என்று நான் பெருமையடித்துக்கொள்வேன். அம்மாவுக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை.

அவளுக்குச் சங்கடமாக இருந்தது வேறொன்று. மந்தைவெளிக்கு மறுபடி போகும் நாள் வந்தபோது, காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "மனசு ஒப்பலடி" என்றாள். கடைசியில் இட்லி சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு, கோயில் புடவையை எடுத்தவள் என்ன நினைத்தாளோ, மடித்து உள்ளே வைத்துவிட்டுக் கடைக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் அவளை உட்காரவைத்துப் பார்த்தார். பிறகு நிற்கவைத்துப் பார்த்தார். உடனே அல்ல, சில நிமிடம் நிற்கவிட்டு மறுபடி பார்த்தார். அந்த நேரம் முழுக்க நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. "சிறுநீரகம் பழையபடி ஆகிடாதும்மா, இருக்கறத காப்பாத்திக்கலாம்" என்று முதலில் சொன்னார். எதையும் மறைக்காமல் அதைச் சொல்லிவிட்டுத்தான், "கடைக்குப் போங்க. எழுந்திருக்கும்போது அவசரப்படாதீங்க" என்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நன்றி என்ற சொல் எங்கள் அம்மாவுக்கு வராது. எனக்கு வரும். அந்த அறையில் அதை எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் போதும் என்று சொல்லும்வரை சொன்னேன்.

அம்மா கடைக்குத் திரும்பிய அன்று நான் ஆபீஸுக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டுக் கூடவே போனேன். சித்தி தன் அருவாமனையை இடம் மாற்றி, அம்மா கை நீட்டினாலும் எட்டாத பக்கம் வைத்திருந்தார். ஐஸ் பெட்டியை ஒரு முக்காலிமேல் தூக்கி வைத்திருந்தார். அவரிடம் யாரும் செய்யச் சொல்லவில்லை. அம்மா மீனைப் பரப்பினாள், தண்ணீர் தெளித்தாள், உட்கார்ந்தாள். முதல் ஆள் வந்து நெத்திலி வாங்கிப் போனார். அதற்கு எழ வேண்டியிருக்கவில்லை. அடுத்து ஓர் அம்மாள் வந்து, சங்கராவில் பெரிதாக வேண்டும் என்றார்.

அது பெட்டியில் இருந்தது. நானும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சித்தியின் கை தானாக நீண்டது. அம்மா இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றினாள். கொஞ்சம் பொறுத்தாள். மேடையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். நின்றாள். கண்ணை மூடித் திறந்தாள். பிறகு பெட்டிக்குள் கைவிட்டு மீனை எடுத்து, ஐஸைக் கழுவிவிட்டு, செவுளைத் தூக்கிக் காட்டி, "நல்லா பாத்துக்கமா, அப்பால வந்து சொல்லாத" என்று அதட்டினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே அழுதேன்.

"இன்னா பாப்பா மீனாண்ட நின்னு அய்வுற?" என்றார் சித்தி. "வாங்க வர்றவங்க, மீன் நாறிக்கீது போலன்னு நெனச்சு ஓடிறப் போறாங்க." அவரும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒனக்கு வேல வெட்டி இல்லியா? கெளம்பு, ரயிலு போயிடும்" என்றாள் அம்மா, என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

கிளம்பினேன். மார்க்கெட் வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அம்மா இன்னும் உட்காரவில்லை.